இடது முன்சக்கரத்துக்குப் பின்னால்

பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய கம்பவுண்டர் அவர்களுக்கு,

நேற்று ஒரே நாளில் என் ஆஸ்பத்திரிக்கு ஐந்து முறை போன் செய்திருக்கிறீர்கள். ஐந்தாவது முறை மணி அடித்தபோது ஒரு பசுவின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். கன்று குறுக்கே கிடந்தது. "டாக்டரம்மா, மறுபடியும் அந்தக் கார்க்கார சார் போன்!" என்று வாசலிலிருந்து என் உதவியாள் சத்தம் போட்டார். இனி உங்கள் குரல் கேட்டால் வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். சொல்ல வேண்டியது இருந்தால் கடிதமாக எழுதுங்கள். கடிதம் என்றால் கையைக் கழுவிவிட்டு நிதானமாகப் படிப்பேன்.

விஷயம் எனக்குத் தெரியும். செப்டம்பரில் எனக்கு விற்ற வண்டி திரும்ப வேண்டும். முதலில், உங்கள் மகன் ஆசைப்படுகிறான் என்றீர்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு இங்கே நிற்கும் ஐம்பது வருடப் பழைய வண்டி எதற்கு? அடுத்து, பதிவுத்தாளில் ஏதோ சிக்கல் என்றீர்கள். போய் விசாரித்தேன், ஒரு சிக்கலும் இல்லை. இப்போது மனைவிக்கு உடம்பு சரியில்லை என்கிறீர்கள். நாளுக்கொரு காரணம்.

விற்ற மாட்டுக்கு வால் பிடிக்கக் கூடாது என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வண்டி என்னுடையது. விற்பதாக இல்லை.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்

---

பிப்ரவரி 7

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. முதல் இரண்டு காரணமும் பொய். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் அவற்றைச் சொன்னேன். மூன்றாவதுதான் உண்மை. பொய்யைச் சொல்லிப் பழக்கிவிட்ட காதில் உண்மை ஏறாது என்பதை யோசிக்கவில்லை.

என் மனைவிக்கு ஜூன் மாதம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நீங்கள் வண்டி எடுக்க வந்த அன்று உள்ளறைக் கதவு சாத்தியிருந்ததே, அதற்குள்தான் இருந்தாள். வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இனி வண்டிக்கு நேரம் ஏது என்றுதான் விற்றேன்.

ஆனால் ஒன்று நடக்கிறது அம்மா. நான் அறைக்குள் போனால் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டம்மா வந்தால் திருப்புவதில்லை. அவளுடைய தம்பி வந்தால் திருப்புவதில்லை. நான் கரண்டியோடு போனால் சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறக்கிறாள். கழுத்து நரம்பு அப்படி இழுக்கும் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டியை விற்றதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வண்டியை ஒரு செங்கல் சூளையிலிருந்து வாங்கினேன். வாங்கும்போது பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. பதினோரு வருடம் பூட்டினேன், கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலே என் கால் இரண்டும்தான் வண்டிக்கு வெளியே தெரியும். "உங்க முகம் மறந்துடும் போல இருக்கு, பாதத்தை வெச்சுத்தான் அடையாளம் சொல்லணும்" என்பாள். ஆனாலும் சீட்டுத் துணி முழுக்க அவள் தைத்தது. வண்டி முதன்முதலில் ஓடிய அன்று முன்சீட்டில் உட்கார்ந்து, "நாலு தெரு சுத்துறதுக்கு நாலு வருஷமா?" என்று சிரித்தாள்.

மறுபடி அந்த சீட்டில் உட்கார வைத்தால் என் பக்கம் திரும்புவாள் என்று நினைக்கிறேன். திரும்ப விற்க வேண்டாம், ஒரு மாதம் தந்தாலும் போதும்.

பனி நேரத்தில் வண்டியைக் கிளப்பும்போது சோக்கை முழுதாக இழுக்காதீர்கள், முக்கால்தான். இரண்டாவது கியர் போடும்போது கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கம்பவுண்டர்

---

பிப்ரவரி 14

கம்பவுண்டர் சார்,

உங்கள் மனைவிக்காக வருந்துகிறேன். கன்று போட்ட மாடு எழுந்திருக்காமல் படுத்துக்கொண்டால், வீட்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் அங்கே நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நியாயமாகப் பாருங்கள். பேச முடியாதவர் மனதில் இதுதான் இருக்கிறது என்று நீங்களாக ஒன்றை முடிவு செய்கிறீர்கள். அதற்கு என் வண்டியைக் கேட்கிறீர்கள். முடியாது சார்.

இன்னொன்று. சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், கியரை எப்படிப் போட வேண்டும் என்றெல்லாம் எழுதாதீர்கள். பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். இது என் மூன்றாவது பழைய வண்டி. முந்தைய இரண்டையும் இஞ்சின் வரை நானே இறக்கி ஏற்றினேன். "பொம்பளைக்கு எதுக்குடி இந்தக் கிழட்டு வண்டி?" என்று என் அண்ணன்மார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். கார்புரேட்டரை நீங்கள் வைத்திருந்த லட்சணத்துக்கு அது பெட்ரோலைக் குடிக்கவில்லை, குளித்தது. இப்போது ஒழுங்காக இருக்கிறது.

வண்டிக்குப் பெயர் கூட வைத்துவிட்டேன்: எருமை. கறுப்பு, கனம், காலையில் எழுப்பினால் எழுந்திருக்காது, எழுந்துவிட்டால் நிற்காது.

மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து மலை மேல் போகிறோம். முப்பத்தொரு வண்டி. என்னோடு அக்காவும் அவளுடைய இரண்டு பெண்களும் வருகிறார்கள். சின்னவள் இப்போதே முன்சீட்டுக்குச் சண்டை போடுகிறாள். போய் வந்து எழுதுகிறேன். அதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

கால்நடை மருத்துவர்

---

பிப்ரவரி 27

டாக்டர் அம்மாவுக்கு,

இதைப் படித்ததும் வண்டியை எடுக்காதீர்கள். மலைக்கு மட்டுமல்ல, தெருமுனைக்குக் கூட எடுக்காதீர்கள். மூன்று நாளாக போன் செய்கிறேன். உங்கள் ஆள் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் முழங்கை போல் வளைந்த ஒரு இரும்பு இருக்கிறது. ஸ்டீயரிங் ஆர்ம். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புவது அதுதான். அதன் அடிப்பக்கம் தலைமுடி போல ஒரு விரிசல் இருந்ததைப் போன வருடம் மே மாதம் பார்த்தேன். இந்த மாடலுக்கு உதிரி எங்கும் கிடைக்காது. என் நண்பரான லேத்துக்காரரிடம் சொல்லி அதே அளவில் புதிதாக ஒன்று செய்து வாங்கினேன்.

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். ஆலைச் சங்கு பதினொரு மணிக்கு ஊதும். ஊதி முடிந்ததும் உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சமையலறைத் தரையில் கிடந்தாள். "உடனே கொண்டாந்துட்டீங்க, அதனாலதான் உசுரு தப்பிச்சுது" என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது சக்கரம் மாட்டியிருந்தது. அந்த இரண்டு வாரமும் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் லேத்துக்காரர். அவர்தான் மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வண்டியைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷெட்டைச் சுத்தம் செய்தேன். எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்தால், புது ஆர்ம். துரு இல்லை, விரிசல் இல்லை. பழையதை ஷெட் முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. அப்படியென்றால் விரிசல் விட்டது வண்டியிலேயே இருக்கிறது. லேத்துக்காரர் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருக்கிறார், கேட்கவும் வழியில்லை.

நேர்ச்சாலையில் அது தாங்கலாம். மலை வளைவில் ஒடிந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும். அக்கா பெண்கள் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கம்பவுண்டர்

---

மார்ச் 4

கம்பவுண்டருக்கு,

மகன், பதிவுத்தாள், மனைவி, இப்போது ஸ்டீயரிங். அடுத்தது என்ன, வண்டிக்குள் பேய் இருக்கிறதா?

நான் மலைக்குப் போகிறேன் என்று எழுதிய பிறகுதான் உங்களுக்கு விரிசல் ஞாபகம் வருகிறது. ஆறு மாதமாக ஓட்டுகிறேன், ஸ்டீயரிங் வெண்ணெய் போல் திரும்புகிறது. என் மெக்கானிக்கும் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். ஒரு லாரி டிரைவரை அனுப்பினீர்களே, அதைப் பொறுக்க மாட்டேன். திங்கட்கிழமை காலையில் நான் பால் வாங்க வெளியே வந்தால், அந்த ஆள் என் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் ஸ்பேனர்! "மாமா பாக்கச் சொன்னாருங்க" என்றார். தெருவே கூடிவிட்டது. உங்கள் மைத்துனராம். அவர் கண் மட்டும் கலங்காமல் இருந்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பேன்.

இனி வரும் கடிதங்களைப் பிரிக்க மாட்டேன்.

கால்நடை மருத்துவர்

---

மார்ச் 9, பதிவுத் தபால்

அம்மா,

பிரிக்க மாட்டேன் என்றீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபால் என்பதால் ஒருவேளை பிரிப்பீர்கள் என்று அனுப்புகிறேன்.

வண்டி எனக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எருமை என்றே கூப்பிடுங்கள். இனி ஒருநாளும் கேட்க மாட்டேன் என்று எந்தத் தாளில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

நானே வரலாம் என்று வெள்ளிக்கிழமை கிளம்பினேன். பக்கத்து வீட்டம்மா ஒரு பகல் பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள். பஸ் நிலையத்தில் சீட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பஸ் நகரும்போது பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து ஜன்னலைத் தட்டினார். "இறங்குங்க, அவங்க கட்டில்லேர்ந்து விழுந்துட்டாங்க." இறங்கிவிட்டேன். நெற்றியில் நாலு தையல். இனி யாரிடம் விட்டுவிட்டு வருவது? பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அது ஏழு கடல் போல ஆகிவிட்டது.

முப்பத்திரண்டு வருடம் மருந்து கலந்தேன். தப்பான மருந்து யாருக்கும் போகவில்லை. ஒவ்வொரு புட்டியிலும் சீட்டு ஒட்டி, தேதி எழுதி, நேரம் எழுதித்தான் கொடுப்பேன். வீட்டில் உப்பு ஜாடிக்குக் கூடச் சீட்டு ஒட்டுவேன் என்று மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்ட நான் ஒரு விரிசலைச் சீட்டு ஒட்டாமல் உங்கள் தலையில் கட்டிவிட்டேன். அதைத் தடுக்க என்னிடம் இந்தப் பேனா மட்டும்தான் இருக்கிறது. அதையும் நானே பொய் சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

பத்து நிமிட வேலை. சக்கரத்தைக் கழற்றுங்கள், அந்த இரும்பை மண்ணெண்ணெயால் துடையுங்கள், அடிப்பக்கம் விரலை வைத்துத் தடவுங்கள். என்னை நம்ப வேண்டாம். விரலை நம்புங்கள். மாட்டின் நாடியைப் பார்ப்பதில்லையா, அப்படி.

கம்பவுண்டர்

---

மார்ச் 14

அன்புள்ள கம்பவுண்டர் சார்,

முதலில் நல்ல செய்தி. வண்டியில் இருப்பது புது ஆர்ம். நிம்மதியாக மூச்சு விடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், பிரிக்காமல் மேஜையில் போட்டேன். நாளைப் பயணத்துக்காக நேற்று அக்கா வந்தாள். அவளுக்கு யார் வீட்டுக் கடிதமானாலும் பிரித்துப் படித்தாக வேண்டும். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இது வண்டி வேணும்னு எழுதுற ஆளோட கடிதம் இல்லடி. நீ அந்தச் சக்கரத்தைக் கழட்டாம என் பொண்ணுங்க ஏற மாட்டாங்க" என்றாள்.

உங்களைப் பொய்யராக்க வேண்டும் என்ற வீம்பில்தான் இன்று காலை ஜாக்கியை வைத்தேன். சக்கரம் கழன்றது. துடைத்தேன். விரலை வைத்துத் தடவினேன். வழவழவென்று இருக்கிறது. புது இரும்பு, கறுப்புப் பெயின்ட், லேத்தில் கடைந்த கோடு கூடத் தெரிகிறது. நட் முழுக்க இறுக்கியிருக்கிறது. அது கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்கே போடும் காட்டர் பின்னின் இரண்டு காலையும் என்ன அழகாக மடக்கியிருக்கிறீர்கள்! என் மெக்கானிக்கிடம் காட்டினேன். "இது அவசரத்துல செஞ்ச வேலை இல்லம்மா" என்றார்.

அப்படியானால் பழையது எங்கே? அக்காவின் பெரிய பெண் டிக்கியைக் குடைந்து கண்டுபிடித்தாள். ஸ்டெப்னிக்கு அடியில், துணி சுற்றி, நூல் கட்டி, நீங்கள் புட்டிகளில் ஒட்டுவது போலவே ஒரு சீட்டும் ஒட்டி! விரிசல் நீங்கள் சொன்ன அதே இடத்தில் இருக்கிறது. சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "இடது ஸ்டீயரிங் ஆர்ம். விரிசல். உபயோகிக்கக் கூடாது. ஜூன் 15. கழற்றியது 10.20. புதியது பூட்டி முடித்தது 11.50. சரி பார்த்தேன்."

பார்த்தீர்களா? வேலையை முழுதாக முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறீர்கள். அன்றைய அதிர்ச்சியில் எல்லாம் கலைந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரமாக வீணாக உங்களை நீங்களே வாட்டிக்கொண்டீர்கள். நானும் சேர்ந்து வாட்டினேன், மன்னித்துவிடுங்கள். உங்கள் மைத்துனரிடமும் சொல்லுங்கள்.

நாளை மலைக்குப் போய் வருகிறோம். அடுத்த மாதம் வண்டியை உங்கள் ஊருக்கு ஓட்டி வருகிறேன். உங்கள் மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்து நாலு தெரு சுற்றுவோம்.

அன்புடன்,
மாட்டு டாக்டர்

---

மார்ச் 19

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

நீங்களும் குழந்தைகளும் பத்திரமாகத் திரும்பியிருப்பீர்கள். அந்த ஒன்றுக்காக உங்கள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு மறுபடி படித்தேன். அந்தச் சீட்டில் உள்ளதை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

நேற்று லேத்துக்காரர் ஊர் திரும்பினார். "ரெண்டு செஞ்சேனே? முதல்ல அடிச்சதுல ஓட்டை கொஞ்சம் விலகிப்போச்சு, அதையும் சும்மா வெச்சுக்கங்கன்னு குடுத்தேன்" என்றார். ஷெட்டில் கிடைத்தது அதுதான். "சக்கரத்தை நீங்கதானே மாட்டினீங்க?" என்று கேட்டேன். "உங்க வண்டியை நான் தொடவே இல்லையே" என்றார்.

அம்மா, சங்கு பதினொரு மணிக்கு ஊதியது. அவள் கூப்பிட்டாள். புதியது பூட்டி முடித்தது பதினொன்று ஐம்பது.

ஐம்பது நிமிடம்.

மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். மறக்க வைத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப விழுந்தாங்க?" என்று கேட்டார். "இப்பதான், கூப்பிட்ட உடனே ஓடினேன்" என்றேன். மகனிடம் அதையே சொன்னேன், மைத்துனரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன். பத்துப் பேரிடம் சொன்னதும் எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. உங்களுக்கும் அதைத்தான் எழுதினேன். எழுதும்போது பொய் என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு, கதவைத் திறந்தது போல எல்லாம் வந்துவிட்டது.

அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். முதல் தடவை, "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன், கை ஒரு மாதிரியா இருக்கு." நான் அடியில் படுத்தபடி, "வரேன் வரேன், இதை மாட்டிட்டு வரேன்" என்றேன். நட் பாதி ஏறியிருந்தது. விட்டால் மரை சரிந்துவிடும். இரண்டாவது தடவை "என்னங்க" மட்டும். "வரேன்னு சொன்னேன்ல?" என்று கத்தினேன். அதற்கும் பிறகு ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை இல்லை. ரேடியோ என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ரேடியோ அப்போது ரிப்பேரில் இருந்தது.

காட்டர் பின்னை மடக்கினேன். இரண்டு காலும் ஒரே அளவு வரவில்லை என்று ஒன்றைப் பிரித்து மறுபடி மடக்கினேன். அழகாக மடக்கியிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு சக்கரத்தை மாட்டினேன். மண்ணெண்ணெயில் கை கழுவினேன். பழையதைத் துணியில் சுற்றினேன். உட்கார்ந்து சீட்டு எழுதினேன். அதன் பிறகுதான் உள்ளே போனேன். அவள் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. நான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

நீங்கள் மலை ஏறும்போது ஸ்டீயரிங் ஒடியக் கூடாது என்றுதான் இரண்டு வாரம் துடித்தேன். ஒடியவில்லை. ஒடியாத அளவுக்கு நான் அன்று ஒழுங்காக வேலை செய்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். "மூணாவது தடவை வந்த சத்தமும் எனக்குக் காதுல விழுந்துச்சு" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். தூங்கவில்லை, மூச்சு தெரிந்தது. திரும்பவில்லை. மன்னித்தாயா என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது. சொல்ல அவளுக்கு வாய் இல்லை. பேச முடியாத ஒருத்தியிடம் போய் மன்னிப்புக் கேட்பது கூட ஒருவகையில் ஏமாற்றுத்தான் என்று பட்டது.

வண்டியை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கம்பவுண்டர்

---

மார்ச் 30

அன்புள்ள கம்பவுண்டர் சார்,

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். பஸ்ஸில்தான் வந்தேன், வண்டியைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வாய் வராத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

முதலில், என் கடிதத்துக்காக. நல்ல செய்தி என்று ஆரம்பித்தேன். சீட்டில் இருந்த நேரத்தையும் அப்படியே பார்த்து எழுதினேன். கத்தி என்று தெரியாமல் கையில் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் மருந்து வாங்கப் போன அரை மணி நேரம் உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் நோயாளிகள் யாரும் எங்கே வலிக்கிறது என்று வாய் திறந்து சொன்னதில்லை. தொட்டுத்தான் கேட்பேன். பழக்கதோஷம், இடது கையைப் பிடித்துக்கொண்டேன். "தண்ணி வேணுமாக்கா? ஆமான்னா அழுத்துங்க. இல்லைன்னா கையை விட்டுடுங்க" என்றேன். அழுத்தினார்கள். முழு டம்ளரும் குடித்தார்கள்.

தலையணை உயரமா? அழுத்தினார்கள். ஒன்றை எடுத்துவிட்டேன். தையல் வலிக்கிறதா? விட்டார்கள். கழுத்து வலிக்கிறதா, அதனாலா திரும்புகிறீர்கள்? விட்டார்கள். வண்டி திரும்ப வீட்டுக்கு வரட்டுமா? நான் கேட்டு முடிப்பதற்குள் விட்டார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ரொம்ப நேரம் கூப்பிட்டீங்களாக்கா?" என் விரல் வலிக்கும்படி அழுத்தினார்கள்.

"அவர் மேல கோபமா?"

அழுத்தவில்லை. விடவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கையை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் ஏழு மணி நேரம் யோசித்தேன். மாடாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேளுங்கள் சார். உங்கள் மனைவி பதில் சொல்கிறார்கள். ஒன்பது மாதமாக யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்புடன்,
மாட்டு டாக்டர்

---

ஏப்ரல் 12

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி கேட்கிறேன். பதில் வருகிறது. தலைமுடியை வெட்டிவிடச் சொன்னாள், பக்கத்து வீட்டம்மா வெட்டிவிட்டார்கள். கஞ்சியில் உப்புக் குறைவு என்றாள். ஒன்பது மாதம் உப்பில்லாமல் குடித்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டுமாம். மகன் போன் செய்தால் காதில் வைக்க வேண்டாமாம், அழுகை வருகிறதாம். இவ்வளவும் சுவரைப் பார்த்தபடிதான். கை மட்டும் என் பக்கம் நீள்கிறது.

அந்த ஒரு கேள்வியை மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவள் அழுத்தினால் எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. விட்டாலும் தாங்க முடியாது. ஐம்பது நிமிடத்துக்குக் கோபமே இல்லை என்பது எப்படிச் சரியாகும்?

நேற்று மதியம் வாய் வரை வந்துவிட்டது. அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டு, "என் மேல..." என்று ஆரம்பித்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அவள் கை என் கைக்குள் காத்திருந்தது.

"என் மேல வியர்வை நாத்தம் அடிக்குதா, இப்பத்தான் வெயில்ல போயிட்டு வந்தேன்" என்று முடித்துவிட்டேன்.

கையை விட்டுவிட்டாள். இல்லை என்று சொன்னாளா, அலுத்துப்போய் விட்டாளா, அதைக் கூட நான் கேட்கவில்லை.

கம்பவுண்டர்